சோதித்தது யாரை வைத்து? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புது மருந்து, புதுக் கருவி, புது உணவு, ஏஐ என்று ஒரே திசையில் இருந்ததால் இந்தப் பகுதியை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். பதில்களைப் படிக்கும்போது நீங்களும் கூடவே ஒன்றைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்: இதை யாரை வைத்து, எதோடு ஒப்பிட்டு, எவ்வளவு காலம் சோதித்தார்கள்? விளம்பரம் ஆசை காட்டினாலும் சரி, வாட்ஸப்பில் வரும் செய்தி பயமுறுத்தினாலும் சரி, இதற்குப் பதில் தேடினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. நான் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச் “இதயத் துடிப்பு சீராக இல்லை” என்று இரண்டு முறை எச்சரித்துவிட்டது. அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, ஆனால் அன்றிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை. வாட்சை நம்புவதா, கழற்றி வைத்துவிடுவதா?

பதில்: கழற்ற வேண்டாம். அது சொன்னதோடு நின்றுவிடவும் வேண்டாம். இந்த வாரமே அப்பாவை ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போய் ஈசிஜி எடுத்துவிடுங்கள், வாட்ச் எச்சரித்த தேதியையும் நேரத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.

வாட்சைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பச்சை விளக்கு மினுக்குவது தெரியும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டுத் தோலுக்கு அடியில் ரத்தம் கூடிக் குறையும்போது திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது, அந்த ஏற்ற இறக்கங்களுக்கு இடையிலுள்ள நேரத்தை அளந்துதான் துடிப்பு சீராக இருக்கிறதா இல்லையா என்று வாட்ச் முடிவு செய்கிறது. ஸ்ட்ராப் தளர்ந்திருந்தாலும் கை ஆடிக்கொண்டிருந்தாலும் கணக்கு தப்பும்.

ஆப்பிள் வாட்சை வைத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2019-ல் வந்தன. 4 லட்சத்து 19 ஆயிரம் பேர் சேர்ந்த அந்த ஆய்வில் எச்சரிக்கை வந்தது சுமார் அரை சதவீதம் பேருக்குத்தான். அவர்களில் ஈசிஜி பட்டையை மார்பில் ஒட்டிக்கொண்டு திருப்பி அனுப்பியவர்களைப் பார்த்தால், மூன்றில் ஒரு பங்கினருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு பதிவாகியிருந்தது. மீதிப் பேருக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை, அந்தக் கோளாறு வந்து வந்து போகும், பட்டை ஒட்டியிருந்த நாட்களில் வராமல் இருந்திருக்கலாம். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் 40 வயதுக்குக் குறைந்தவர்கள் என்பதையும் கவனியுங்கள், வயது ஏற ஏறத்தான் இந்தக் கோளாறு அதிகம் வரும். இதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குக் காரணம், இதயத்துக்குள் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். ஆளுக்கு ஏற்ற மருந்து கொடுத்தால் அந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்க முடியும். ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்னால் எச்சரிக்கை சத்தத்தை என்ன செய்யலாம் என்று அவரையே கேளுங்கள். தூக்கம் கெட்டால் அதுவும் உடம்புக்குக் கெடுதல்தான்.

இதே ஒளி வித்தையில் வேலை செய்யும் இன்னொரு கருவி விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர். அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நிறையப் பேருக்குத் தெரியாது. 2020-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஆக்ஸிஜன் உண்மையில் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தும் கருவி “பரவாயில்லை” என்று காட்டிய சம்பவங்கள் வெள்ளையின நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு இருந்தன. தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சுகிறது, அதற்கேற்ற மாதிரி கருவியைப் போதுமான பேரிடம் சரிபார்க்கவில்லை. மூச்சு வாங்குகிறது, உதடு நீலமாகிறது என்றால் கருவியில் 94 என்று இருக்கிறதே என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

கேள்வி: ஊசியே குத்தாமல் சுகர் காட்டும் ஸ்மார்ட் வாட்ச், மோதிரம் எல்லாம் ஆன்லைனில் விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் தானாகவே ரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் பொது எச்சரிக்கையே விட்டது. கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சிஜிஎம் சென்சார் வேறு, அதில் முடி போன்ற ஒரு இழை தோலுக்கு அடியில் போய் அங்குள்ள திரவத்தில் சர்க்கரையை அளக்கிறது, அது சோதிக்கப்பட்ட கருவி. அதிலும் ரத்தத்தில் ஏற்படும் மாற்றம் சில நிமிடங்கள் தாமதமாகத்தான் தெரியும். தவறான எண்ணைப் பார்த்து இன்சுலின் போட்டுக்கொண்டால் சுகர் திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்வி: உடல் எடை குறைக்க வாரம் ஒரு ஊசி போட்டால் போதும் என்கிறார்கள். என் எடை 96 கிலோ. உடற்பயிற்சி, டயட் எல்லாம் பார்த்து அலுத்துவிட்டது. இது உண்மையா, இல்லை இதுவும் ஏமாற்றா?

பதில்: ஏமாற்று இல்லை. எடை குறைக்க இதுவரை வந்த மருந்துகளில் இவ்வளவு தெளிவாக வேலை செய்தது குறைவு, ஆனால் விளம்பரத்தில் பாதிக் கதைதான் வருகிறது.

சாப்பிட்டதும் நம் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது கணையத்தை இன்சுலின் விடச் சொல்கிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, போதும் என்று மூளைக்குச் சொல்கிறது. இயற்கையான அந்த ஹார்மோன் ரத்தத்தில் இரண்டொரு நிமிடங்களில் சிதைந்துவிடும். கீலா மான்ஸ்டர் என்ற வட அமெரிக்க விஷப் பல்லியின் எச்சிலில் அதே மாதிரி வேலை செய்யும், ஆனால் அவ்வளவு சீக்கிரம் சிதையாத ஒரு பொருள் 1990-களில் கிடைத்தது. அதிலிருந்து வந்த சர்க்கரை நோய் மருந்துக்கு 2005-ல் அனுமதி கிடைத்தது. இப்போது எல்லோரும் பேசும் செமாக்ளூடைட் அந்த வழியில் பின்னால் வந்தது. அதில் ஒரு கொழுப்பு அமிலச் சங்கிலியைச் சேர்த்து ரத்தத்திலுள்ள ஆல்புமின் புரதத்தில் ஒட்டிக்கொள்ள வைத்துவிட்டார்கள், அதனால்தான் வாரம் ஒரு ஊசி போதுமானதாக இருக்கிறது.

2021-ல் வந்த பெரிய ஆய்வில் சுமார் 2,000 பேர், 68 வாரம். மருந்து போட்டவர்கள் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தார்கள், மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்கள் 2.4 சதவீதம். இரண்டு தரப்புக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை உண்டு. 2023-ல் வந்த இன்னொரு ஆய்வில், ஏற்கெனவே இதய நோயும் அதிக எடையும் உள்ள 17,600 பேரிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன.

சரி, மீதிப் பாதிக் கதை. முதல் ஆய்வில் மருந்தை நிறுத்தியவர்களில் ஒரு பகுதியினரைத் தொடர்ந்து பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்ப ஏறிவிட்டது. ஆக, இது மூன்று மாத கோர்ஸ் இல்லை, பிரஷர் மாத்திரை மாதிரி நீண்ட காலத்துக்கு யோசிக்க வேண்டிய மருந்து. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் நிறையப் பேருக்கு வரும். கொழுப்போடு தசையும் கரையும், அதனால் புரதமும் எடை தூக்கும் பயிற்சியும் மருந்து போட்டாலும் தேவை. கணைய அழற்சி வந்தவர்கள், குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் உள்ளவர்கள், குழந்தை பெறத் திட்டமிடும் பெண்கள் இதையெல்லாம் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். ஏதாவது ஆபரேஷன் என்றால் மயக்க மருத்துவரிடமும் சொல்லுங்கள், இரைப்பை மெதுவாகக் காலியாவதால் மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு.

அலுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எடை குறையாதது உங்கள் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பசியை ஹார்மோன்கள் எவ்வளவு ஆட்டிவைக்கின்றன என்பதற்கு இந்த மருந்தே சாட்சி.

கேள்வி: எம்ஆர்என்ஏ கொரோனா தடுப்பூசியை ஒரே வருடத்தில் அவசர அவசரமாகத் தயாரித்தார்கள். அது நம் மரபணுவை மாற்றிவிடும் என்கிறாரே என் மைத்துனர்?

பதில்: மாற்றாது. மரபணு இருப்பது செல்லின் கருவுக்குள், தடுப்பூசியின் எம்ஆர்என்ஏ கருவுக்குள் போவதில்லை, வெளியிலேயே ஒரு வைரஸ் புரதத்தைச் செய்யச் சொல்லிவிட்டுச் சில நாட்களில் சிதைந்துவிடுகிறது. ஒரே வருடம் என்பதும் முழு உண்மை இல்லை. எம்ஆர்என்ஏ என்ற மூலக்கூறு 1961-லேயே தெரியும். வெளியிலிருந்து செலுத்தினால் உடம்பு அதை எதிரியாக நினைத்து வீக்கத்தைக் கிளப்பியதுதான் பல வருடத் தடையாக இருந்தது. கட்டாலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் அதிலுள்ள ஒரு எழுத்தைக் கொஞ்சம் மாற்றி அந்தத் தடையைத் தாண்டியதை 2005-ல் வெளியிட்டார்கள், 2023-ல் நோபல் கிடைத்தது. அந்த வெற்றிக்கு முன் கரிகோவுக்கு நிதி கிடைக்கவில்லை, வேலையில் பதவி இறக்கினார்கள், ஆனாலும் அந்த அம்மா விடவில்லை. 2020-ல் நடந்த சோதனையில் ஒரு தடுப்பூசிக்கு மட்டும் ஏறத்தாழ 44,000 பேர். பக்கவிளைவே இல்லை என்று உங்கள் மைத்துனரிடம் சொல்லிவிடாதீர்கள், இளம் ஆண்களில், முக்கியமாக இரண்டாம் டோஸுக்குப் பின், அரிதாக இதயத் தசை அழற்சி வந்தது உண்மை.

கேள்வி: எங்கள் மகனுக்கு 9 வயது, பீட்டா தலசீமியா மேஜர். மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறோம். கிரிஸ்பர் சிகிச்சையில் முழுதாகக் குணமாகும் என்று படித்தோம். நம்பிக்கை வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு வையுங்கள்.

தலசீமியா என்பது உடம்பால் போதுமான ஹீமோகுளோபின் செய்ய முடியாத பரம்பரை ரத்த நோய். குழந்தை வயிற்றில் இருக்கும்போது அதன் ரத்தத்தில் ஓடுவது வேறு வகை ஹீமோகுளோபின். பிறந்த சில மாதங்களில் பிசிஎல்11ஏ என்ற மரபணு அதை அடக்கிவிட, பெரியவர்களின் ஹீமோகுளோபின் வருகிறது. உங்கள் மகனுக்குப் பழுது இருப்பது இந்த இரண்டாவது வகையில். சிகிச்சை அந்தப் பழுதைத் தொடுவதே இல்லை. அடக்கும் மரபணு ரத்த அணுக்களில் வேலை செய்யாதபடி அதன் ஒரு பகுதியை வெட்டிவிடுகிறார்கள், குழந்தைப் பருவ ஹீமோகுளோபின் திரும்ப வந்து வேலையைப் பார்க்கிறது. எனக்கு இதைப் படித்த அன்று ஏற்பட்ட வியப்பு இன்னும் போகவில்லை.

2012-ல் ஜெனிஃபர் டௌட்னாவும் இம்மானுவேல் சார்பான்டியேவும் கிரிஸ்பரை மரபணுவை வெட்டும் ஒரு கருவியாக்கிக் காட்டினார்கள், 2023 நவம்பரில் பிரிட்டன் கேஸ்ஜெவி என்ற இந்தச் சிகிச்சைக்கு உலகிலேயே முதல் அனுமதி கொடுத்தது. அனுமதிக்கு அடிப்படையான சோதனையில் ஓராண்டாவது பின்தொடர முடிந்த 42 தலசீமியா நோயாளிகளில் 39 பேருக்கு அந்த ஓராண்டு ரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை. அந்த அனுமதி 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு.

கஷ்டமான பகுதி, இது ஒரு ஊசியோடு முடிகிற விஷயம் இல்லை. ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, அங்கே திருத்தி, சோதித்து, உறைய வைத்துத் திரும்ப அனுப்ப மாதங்கள் ஆகும். அப்புறம் புஸல்ஃபான் என்ற கடுமையான மருந்தால் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்துவிட்டுத்தான் திருத்திய செல்களை ஏற்றுவார்கள். முடி கொட்டும், வாய்ப்புண் வரும், கிருமி தாக்காமல் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும், பின்னாளில் குழந்தைப் பேறு பாதிக்கப்படலாம். செலவும் மிக மிக அதிகம், உலகில் தலசீமியா உள்ள பெரும்பாலான குடும்பங்களுக்கு இது இன்று எட்டாத தூரத்தில் இருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

அதனால் முதலில் ரத்தவியல் மருத்துவரிடம் கேட்க வேண்டியது, அண்ணன் தம்பி அக்கா தங்கை யாருக்காவது மஜ்ஜை பொருந்துகிறதா என்று. பொருந்தும் உடன்பிறப்பிடமிருந்து செய்யும் மாற்று சிகிச்சை பல வருட அனுபவம் உள்ளது, சிறு வயதில் செய்தால் பலனும் நன்றாக இருக்கும். அதுவரை, அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் உடம்பில் சேரும் இரும்புச் சத்தை வெளியேற்றும் மருந்தை ஒருநாள்கூட விடாதீர்கள், எந்தப் புதுச் சிகிச்சை வந்தாலும் அதைத் தாங்க அவனுக்கு நல்ல இதயமும் கல்லீரலும் வேண்டும். திருமணம் ஆகப்போகும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: இருவரும் இந்தக் குறையைச் சுமப்பவர்களா என்று ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், இருவருமே சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு.

கேள்வி: ஆய்வகத்தில் வளர்க்கும் இறைச்சி சைவமா, அசைவமா?

பதில்: விலங்கின் செல்தான் வளர்ந்து தசையாகிறது, அதனால் பொருளில் அது இறைச்சி. கொல்லாமல் கிடைத்ததா என்பது தனிக் கேள்வி. நெதர்லாந்து விஞ்ஞானி மார்க் போஸ்ட் 2013-ல் லண்டனில் சமைத்துக் காட்டிய முதல் பர்கரின் செல்கள் வளர்ந்தது கன்றுக் கருவின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தில், அதற்காகச் சினைப்பசு வெட்டப்பட்டாக வேண்டும். இப்போது சீரம் இல்லாத ஊட்டக் கரைசல்கள் வந்துவிட்டன. விற்பனைக்கு முதலில் அனுமதித்தது சிங்கப்பூர், 2020 டிசம்பரில். 2023-ல் அமெரிக்கா அனுமதித்தது, அதே வருடம் இத்தாலி தடை போட்டது. தடிமனான துண்டு இன்னும் கஷ்டம்தான், ரத்தக்குழாய் இல்லாததால் உள்ளே இருக்கும் செல்களுக்கு ஆக்ஸிஜன் போய்ச் சேர்வதில்லை.

ஆனால் உணவில் உயிரித் தொழில்நுட்பம் சத்தமில்லாமல் ஜெயித்த இடம் சீஸ். பாலில் கேசின் என்ற புரதம் சின்னச் சின்ன உருண்டைகளாக மிதக்கிறது, ஒவ்வொரு உருண்டையின் மேலும் முடி போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பகுதி மற்றதை நெருங்க விடாமல் தள்ளி வைக்கிறது. கைமோசின் என்ற என்சைம் அந்த முடியை மழித்துவிட்டால் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பால் கெட்டியாகிவிடும். இந்த என்சைம் ஒரு காலத்தில் பால்குடி மறக்காத கன்றின் இரைப்பையிலிருந்து வந்தது. அதன் மரபணுவை நுண்ணுயிரிக்குள் வைத்துத் தொட்டியில் தயாரித்த கைமோசினுக்கு 1990-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, இன்று உலகில் விற்கும் சீஸில் பெரும்பங்கு இப்படித்தான் உறைகிறது. சர்க்கரை நோயாளிகளின் இன்சுலினும் 1982-லிருந்து இதே வழியில்தான் வருகிறது, அதற்கு முன் பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்தார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் சீஸ் பாக்கெட்டில் என்சைம் எங்கிருந்து வந்தது என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: மரபணு மாற்றிய பயிர், மரபணு திருத்திய பயிர், இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. பிடி பருத்தி போன்ற மரபணு மாற்றிய பயிரில் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு சேர்க்கப்பட்டிருக்கிறது. திருத்திய பயிர்கள் பலவற்றில் வெளி மரபணு எதுவும் இருக்காது, அந்தச் செடியின் மரபணுவிலேயே ஒரு சிறு மாற்றம், 2021-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த தக்காளி அப்படிப்பட்டது. எல்லாமே விஷம் என்பதும் எல்லாமே வரம் என்பதும் சோம்பேறிப் பேச்சு, ஒவ்வொரு பயிராக எடுத்துப் பார்க்க வேண்டும். விதையின் காப்புரிமை யார் கையில் என்பதைக் கேட்க மறக்காதீர்கள், சாப்பிடுபவரைவிட விளைவிப்பவருக்கு அது பெரிய கேள்வி.

கேள்வி: மகள் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு ரேடியாலஜி எடுக்க ஆசைப்படுகிறாள். ஸ்கேன் பார்க்கும் வேலையை ஏஐ பிடுங்கிக்கொள்ளும், வேண்டாம் என்கிறார்கள் உறவினர்கள்.

பதில்: உறவினர்கள் மட்டுமா, ஏஐ துறையின் முன்னோடி ஜெஃப்ரி ஹிண்டனே 2016-ல் ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்து வருடத்தில், மிஞ்சினால் பத்து வருடத்தில் கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்றார். வருடங்கள் ஓடிவிட்டன, ரேடியாலஜிஸ்டுகளுக்குத் தட்டுப்பாடுதான் இருக்கிறது.

வேலை மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்வீடனில் 80,000 பெண்களின் மார்பகப் பரிசோதனையில் ஒரு பாதியை வழக்கம்போல் இரண்டு மருத்துவர்கள் பார்த்தார்கள், மறுபாதியில் ஏஐ முதலில் தரம் பிரித்து, ஆபத்து குறைந்த படங்களுக்கு ஒரு மருத்துவர், அதிகமானவற்றுக்கு இருவர் என்று பிரித்துக் கொடுத்தது. 2023-ல் வந்த முதல் கட்ட முடிவில் படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது, கண்டுபிடித்த புற்றுநோய்களோ குறையவில்லை, கொஞ்சம் கூடவே இருந்தன.

இன்னொரு பக்கமும் உண்டு, என்னை அதிகம் யோசிக்க வைப்பது அதுதான். போலந்தில் பெருங்குடலை கேமரா வைத்துப் பார்க்கும் மருத்துவர்களிடம் செய்த ஆய்வு 2025-ல் வந்தது. எல்லோரும் ஆயிரக்கணக்கில் செய்து பழகியவர்கள். ஏஐ துணை வந்து சில மாதம் பழகிய பிறகு, அது இல்லாமல் அவர்கள் செய்த பரிசோதனைகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், புற்றுநோயாக மாறக்கூடிய கட்டிகளைக் கண்டுபிடித்த விகிதம் 28 சதவீதத்திலிருந்து 22-ஆக இறங்கியிருந்தது. கண் பழக்கம் விட்டுப்போகிறது. உங்கள் மகள் தாராளமாக ரேடியாலஜி எடுக்கட்டும், ஆனால் பயிற்சிக் காலத்தில் படத்தைத் தானே பார்த்து முடிவெழுதிவிட்டு அதற்குப் பிறகு இயந்திரம் சொன்னதைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: சாஃப்ட்வேர் வேலையில் 12 வருட அனுபவம். ஏஐ இருந்தால் இரண்டு மடங்கு வேகம் என்று மேலாளர் இலக்கை ஏற்றிவிட்டார். எனக்கு அப்படித் தெரியவில்லை. குறை என்னிடமா?

பதில்: உங்களிடம் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. வாடிக்கையாளர் சேவையில் 5,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வில் ஏஐ உதவியால் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலை சராசரியாக 14 சதவீதம் கூடியது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 34 சதவீதம், கைதேர்ந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 2025-ல் மெட்ர் (METR) என்ற ஏஐ ஆய்வு அமைப்பு அனுபவமுள்ள 16 புரோகிராமர்களுக்கு அவர்கள் நன்றாக அறிந்த திட்டங்களிலேயே வேலை கொடுத்துப் பார்த்தது. ஏஐ பயன்படுத்தியபோது 19 சதவீதம் நேரம் அதிகம் பிடித்தது. முடித்த பிறகும் அவர்கள் 20 சதவீதம் வேகமாகச் செய்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள்! 16 பேர் என்பது சின்ன எண், கருவிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் வேகம் என்பது நமக்குத் தோன்றுவதை வைத்துச் சொல்லக்கூடியது இல்லை என்பது அதில் தெளிவு. மேலாளரிடம் வாக்குவாதம் வேண்டாம், இரண்டு வாரம் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம், அதில் ஏஐ எழுதியதைத் திருத்த எவ்வளவு நேரம் என்று குறித்து அவர் முன் வையுங்கள்.

கேள்வி: டாக்டரிடம் போவதற்குப் பதில் சாட்ஜிபிடியிடம் கேட்டுக்கொள்கிறேன். பொறுமையாகப் பதில் சொல்கிறது. தவறா?

பதில்: பொறுமையாகச் சொல்கிறது என்பதற்காக மனிதர்கள் அதனிடம் போவது எனக்குப் புரிகிறது, மருத்துவர்கள் இரண்டு நிமிடம் கூடுதலாகக் காது கொடுத்தால் பாதிப் பேர் போக மாட்டார்கள். ஆனால் “பதில்” என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் ஆபத்து. 2025-ல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 60 வயது, உணவில் குளோரைடைக் குறைக்க நினைத்து, சாட்ஜிபிடியிடம் கேட்டுவிட்டு, சமையல் உப்புக்குப் பதில் சோடியம் புரோமைடை மூன்று மாதம் சாப்பிட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைக்கிறார் என்ற சந்தேகத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவருக்கு இல்லாத குரல்கள் கேட்க ஆரம்பித்து, புரோமைடு நஞ்சேறியதைக் கண்டுபிடித்துச் சரியாக்க மூன்று வாரம் ஆனது. அவர் என்ன கேட்டார், அது என்ன சொன்னது என்ற உரையாடல் மருத்துவர்கள் கைக்குக் கிடைக்கவில்லை. நேரில் ஒருவரைக் கேட்டிருந்தால், எதற்கு இதைச் சாப்பிடப் போகிறீர்கள் என்று அவர் முதலில் திருப்பிக் கேட்டிருப்பார்.

ரிப்போர்ட்டில் உள்ள வார்த்தைகளுக்கு விளக்கம் கேளுங்கள், டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று பட்டியல் போடச் சொல்லுங்கள், இதற்கெல்லாம் அது நன்றாக உதவும். மருந்தைத் தொடங்க, நிறுத்த, அளவை மாற்ற மட்டும் அதனிடம் போகாதீர்கள். நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, பேச்சு குழறுவது, மூச்சுத் திணறல் என்றால் போனில் எதையும் தட்டச்சு செய்துகொண்டிருக்காமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.